ஏரிச் சேற்றில் புதைந்த மரப்படகு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழவேற்காடு ஏரியின் தெற்கு ஓரம் தமிழ்நாட்டில் இருக்கிறது. பெரும்பகுதி ஆந்திராவில், தடா, சூளூர்பேட்டை, ஸ்ரீஹரிகோட்டா பக்கம் பரந்து கிடக்கிறது. கோடையில் வடக்குப் பகுதி வற்றிச் சேறு வெடிக்கும்போதோ, முகத்துவாரத்திலும் கால்வாயிலும் தூர்வாரும்போதோ பழைய பலகையோ, வங்கோ (படகின் விலாச் சட்டம்) தலைகாட்டினால், பார்த்தவர்களுக்கு எழும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். ஏரியில் மூழ்கிய மரக்கலங்களைப் பற்றி உலகில் அதிகம் படித்தறியப்பட்ட இடம் அமெரிக்கா–கனடா எல்லையிலுள்ள ஐந்து பேரேரிகள். அங்கே கற்ற பாடங்களில் எது நமக்கு ஒத்துவரும், எது ஒத்துவராது என்பதையும் சொல்லியிருக்கிறோம்.

பேரேரிகளில் 200 ஆண்டுக்கு முன் மூழ்கிய மரக்கப்பல் பாய்மரத்தோடு நிற்கிறது என்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான். ஹாமில்டன், ஸ்கர்ஜ் என்ற இரண்டு போர்க் கப்பல்கள் 1813 ஆகஸ்ட் 8 அன்று ஒண்டாரியோ ஏரியில் திடீர்ப் புயல்காற்றில் கவிழ்ந்தன. 1973-ல் கண்டுபிடித்தபோது சுமார் 90 மீட்டர் ஆழத்தில் இரண்டும் நிமிர்ந்தபடி, பீரங்கிகளோடு அமர்ந்திருந்தன. அதே ஏரியில் 1780 அக்டோபர் 31-ல் மூழ்கிய ஒண்டாரியோ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் 2008-ல் கிடைத்தது. அதுவும் ஏறக்குறைய முழுசாகவே இருந்தது.

இதற்கு மூன்று காரணங்கள். தண்ணீரில் உப்பு இல்லாததால் மரத்தைக் குடையும் கப்பல் புழு வாழாது. நன்னீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிகக் கனமாக இருக்கும். அந்தக் குளிர்ந்த நீர் அடியில் தங்கிவிடுவதால் ஆழத்தில் வருடம் முழுக்கக் குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்த மாதிரி. அலையும் வெளிச்சமும் அந்த ஆழத்துக்குப் போவதில்லை.

நம் ஏரியிலும் அப்படி ஒன்று கிடைக்குமா?

அப்படியே கிடைக்காது. மேலே சொன்ன மூன்றில் ஒன்றுகூட இங்கே இல்லை. பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதியில் இடுப்பளவுத் தண்ணீர்தான். வெப்பம் பெரும்பாலும் 25 டிகிரிக்கு மேல். உப்போ, ஆரணி ஆறும் காளங்கியும் சுவர்ணமுகியும் வெள்ளம் கொண்டுவரும் மாதங்களில் நன்னீர் அளவுக்கு இறங்கும். சித்திரை, வைகாசியில் கடலைவிடவும் கரிக்கும். திறந்த தண்ணீரில் நிற்கும் பலகைக்கு இதைவிட மோசமான இடம் கிடையாது.

நமக்கு இருப்பது சேறு. நைசான களிச்சேற்றுக்குள் சில மில்லிமீட்டரிலிருந்து சில சென்டிமீட்டருக்குள்ளேயே ஆக்சிஜன் தீர்ந்துவிடுகிறது. காற்று இல்லாத இடத்தில் புழுவும் வாழாது, பூஞ்சையும் வளராது. மிக மெதுவாக மரத்தை அரிக்கும் ஒருவகை பாக்டீரியா மட்டும் வேலை செய்யும். அதனால் இங்கே கிடைப்பது படகின் அடிப்பாதிதான்: ஏரா மரம் (படகின் அடியில் நீளவாட்டில் ஓடும் முதுகெலும்புக் கட்டை), அதையொட்டிய முதல் சில பலகை வரிசைகள், வங்குகளின் கீழ்முனை. சேற்றுக்கு மேலே நின்ற பகுதி சில வருடங்களிலேயே போயிருக்கும். சேற்று மட்டத்தில் பலகை கத்தியால் சீவியது போல முடிந்திருந்தால் குழம்ப வேண்டாம். யாரும் அறுக்கவில்லை, புழு தின்ற கோடு அது.

பேரேரியில் படகைக் காத்தது குளிர். இங்கே காப்பது சேறு. கீழே சொல்லும் எல்லா யோசனையும் இந்த ஒரு வித்தியாசத்திலிருந்து வருகிறது.

கப்பல் புழு நன்னீரில் வராது என்பது உறுதியா?

குளிர்நாடுகளில் உறுதி, நம் பக்கம் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. பெயர்தான் புழு, உண்மையில் அது சிப்பி இனம். தலையில் இருக்கும் இரண்டு சின்ன ஓடுகளால் மரத்தைக் குடைந்து, குடைந்த துளைக்குச் சுண்ணாம்புப் பூச்சும் பூசிக்கொள்ளும். ஐரோப்பாவில் பரவலான டெரிடோ நவாலிஸ் இனம் பெருக, லிட்டருக்கு ஏறக்குறைய 8 கிராம் உப்பாவது வேண்டும். கடல்நீரில் 35 கிராம் இருக்கிறது. ஆனால் நாசிடோரா என்ற வகையைச் சேர்ந்த சில இனங்கள் மிகக் குறைந்த உப்பிலும், வங்காளத்து ஆறுகளில் நன்னீரிலும்கூட வாழ்கின்றன. கேரளத்துக் காயல்களில் ஸ்பெரோமா என்ற, மரப்பேன் போலச் சுருண்டுகொள்ளும் பூச்சி வேறு உண்டு. அதற்கும் உப்பு அதிகம் தேவையில்லை.

இரண்டையும் பிரித்தறிவது எளிது. ஸ்பெரோமா போட்ட துளை வெளியிலிருந்தே பென்சில் கனத்துக்குத் தெரியும், ஆழம் குறைவு. கப்பல் புழுவின் வாசல் குண்டூசித் தலையளவுதான். மேலே பலகை நல்லதாகத் தெரியும், உடைத்தால் உள்ளே தேன்கூடு.

இங்கே எந்த மாதிரிப் படகுகள் கிடைக்கலாம்?

பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-ல் ஹெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். பெரிய கப்பல்கள் கடலிலேயே நங்கூரம் போடும். துணி மூட்டைகளைச் சிறு படகுகள் ஏரிக்கும் கப்பலுக்கும் இடையே கொண்டுபோகும். ஆகவே ஏரிக்குள் ‘டச்சுக் கப்பல்’ தேடுவது வீண். தேடினால் கிடைக்கக்கூடியது சரக்குத் தோணி.

இன்னொன்று கால்வாய்ப் படகு. 1806-ல் சென்னை–எண்ணூர் இடையே தொடங்கிய வெட்டுக் கால்வாய், பின்னால் நீண்டு, 1878 முதல் பக்கிங்ஹாம் கால்வாய் என்று பெயர் பெற்றது. ஆந்திராவின் பெத்தகஞ்சாமிலிருந்து மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர். வழியில் இந்த ஏரியையும் தொட்டுப் போகிறது. உப்பு, விறகு, கிளிஞ்சல் சுண்ணாம்பு எல்லாம் அந்தப் படகுகளில்தான் சென்னைக்குப் போயின. தட்டையான அடி, அகலமான உடல், இரும்பு ஆணி: இப்படி ஒன்று கிடைத்தால் முதல் சந்தேகம் இதன் மேல்தான் வர வேண்டும்.

மூன்றாவது, கயிற்றால் தைத்த மசூலாப் படகு. அலை மோதும் கரைக்கென்றே செய்தது. ஆணியும் இல்லை, வங்கும் இல்லை. பலகை ஓரத்தில் வரிசையாகத் துளைகள் மட்டும். கயிறு மட்கிவிட்டால் பலகைகள் தனித்தனியாகப் பிரிந்து கிடக்கும், யாரோ போட்டுவிட்டுப் போன மரம் போலவே இருக்கும். துளைகளின் இடைவெளி சீராக இருக்கிறதா என்று பார்க்காமல் தள்ளிவிடாதீர்கள்.

கேரளத்தில் ஏதாவது கிடைத்திருக்கிறதா?

இரண்டு முக்கியமானவை. சேர்த்தலைக்கு அருகே தைக்கல்–கடக்கரப்பள்ளியில் 2002–03-ல் ஈரநிலத்தில் புதைந்திருந்த ஒரு பாய்மரப் படகைத் தோண்டினார்கள். 18 மீட்டருக்கு மேல் நீளம், இரண்டு பாய்மரத்துக்கான இடம், இரும்பு ஆணி, அயினி மரப் பலகை. மலையாளத்தில் அயினியை ஆஞ்ஞிலி என்பார்கள். இடைக்காலத்தைச் சேர்ந்த படகு என்பது ஆய்வாளர்கள் முடிவு. கடல் விலகிப்போய் நிலமாகிவிட்ட இடத்தில் அது கிடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். படகைத் தண்ணீரில் மட்டும் தேடினால் போதாது.

அடுத்தது கொடுங்கல்லூர் பக்கத்திலுள்ள பட்டணம். பழைய முசிறித் துறைமுகத்தின் பகுதி என்று கருதப்படும் அந்த ஊரில் 2007 அகழாய்வில் சுமார் 6 மீட்டர் நீளமுள்ள குடைமரத் தோணி, பக்கத்திலேயே படகு கட்டும் தேக்குக் கட்டைகளோடு, நீர் ஊறிய களிமண்ணில் கிடைத்தது. அதுவும் அயினி மரம்தான். இரண்டு இடத்திலும் காப்பாற்றியது ஒரே ஆள்: ஈரச் சேறு.

பார்த்த உடனே வயதைச் சொல்ல முடியுமா?

தோராயமாகத்தான் சொல்ல முடியும். ஆணியைப் பாருங்கள். கொல்லன் அடித்த ஆணியின் தண்டு சதுரமாக இருக்கும், நுனியை நோக்கி நான்கு பக்கமும் ஒடுங்கும். உருண்டைக் கம்பி ஆணி இருந்தால் 19-ஆம் நூற்றாண்டின் கடைசிக்கு முன்னால் போகாது. ஆனால் பழைய படகைப் பின்னாளில் பழுது பார்த்திருக்கலாம். ஆகவே ஒரே ஒரு கம்பி ஆணியை வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். ஏராவும் முதல் பலகையும் சேரும் இடத்து ஆணிகளே நம்பகமானவை. அவற்றை யாரும் லேசில் மாற்ற மாட்டார்கள்.

பலகைகளுக்கு நடுவே அடைத்த பொருளையும் பாருங்கள். பஞ்சு, நார், குங்கிலியம் குழைத்த எண்ணெய் என்று கலப்பற்று வேலைக்கு இடத்துக்கு இடம் பழக்கம் மாறும். பெருவிரல் அளவு துணுக்கு கிடைத்தால் அதைத் தனியாக ஈரத்தோடு எடுத்துவைக்கவும். வயதுக் கணிப்புக்கும் பலகையைவிட நல்ல சான்று அது.

ஏன்? மரத்தை கார்பன் சோதனைக்கு அனுப்பினால் போதாதா?

கார்பன் சோதனை சொல்வது அந்த மர வளையம் வளர்ந்த ஆண்டை. படகு கட்டிய ஆண்டை அது சொல்லாது. 150 வருடத்துத் தேக்கின் நடுவயிரத்திலிருந்து மாதிரி எடுத்தால் படகு 150 வருடம் கூடுதலாகப் பழசாகிவிடும். கயிறும் நாரும் ஒன்றிரண்டு வருடத்தில் விளைந்தவை, அதனால்தான் அவை மேல். மரத்திலிருந்தே எடுக்க வேண்டுமானால் பட்டையை ஒட்டிய வெளிவளையத்தில் எடுக்கவும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. சுமார் 1650-க்குப் பின்வந்த காலத்துக்கு இந்த முறை சரியாகப் பிரித்துச் சொல்லாது. 17-ஆம் நூற்றாண்டும் 19-ஆம் நூற்றாண்டும் ஒரே விடையில் வந்து விழும். கால்வாய்ப் படகுக்குப் பணம் செலவழித்துச் சோதனை செய்வதைவிட ஆணியைப் பார்ப்பதே மேல்.

துகள் முடுக்கி முறையில் சில பத்து மில்லிகிராம் மரமே போதும். புது தில்லியில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையிலான முடுக்கி மையத்தில் அந்த வசதி இருக்கிறது. மரம் எந்த இனம் என்று பார்க்க ஒரு சென்டிமீட்டர் கனசதுரம் தேவை; பெங்களூரு மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இனம் காண்கிறது. இரண்டு மாதிரியையும் கொஞ்சம் ஏரித் தண்ணீரோடு ஜிப் உறையில் போட்டு மூடி, பனிக்கட்டிப் பெட்டியில் அனுப்பவும். உறையவிடக் கூடாது. செய்தித்தாளில் சுற்றினால் தாளின் கார்பனும் மரத்தோடு சேர்ந்து ஆய்வகம் போகும்.

தூர்வாரும்போது பலகை வந்துவிட்டது. முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும்?

இயந்திரத்தை நிறுத்துங்கள். அடுத்த வாளி அள்ளினால்தான் உண்மையான சேதம். பொக்லைன் ஓட்டுநரிடம் கையைக் காட்டிவிட்டு, வாளியில் ஏற்கெனவே வந்த மண்ணைத் தனியே ஓரிடத்தில் கொட்டச் சொல்லுங்கள். ஆணி, கயிறு, உடைந்த பானை ஓடு எல்லாம் அதில்தான் இருக்கும்.

பிறகு நிழல். மே மாத வெயிலில் வெளிப்பட்ட பலகையின் மேற்பரப்பு அரை மணி நேரத்தில் நிறம் மாறத் தொடங்கும். அன்று சாயங்காலத்துக்குள் மயிரிழை விரிசல் வந்துவிடும். ஈரச் சாக்கை மேலே போர்த்தி, அதன்மேல் கறுப்புப் பாலித்தீன் விரித்து ஓரங்களில் சேற்றை அள்ளி வையுங்கள். சாக்கு நனைக்க அதே ஏரித் தண்ணீர்தான். குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்காதீர்கள், கரைந்த மரத்தின் மேல்தோல் உரிந்து வந்துவிடும். தூரிகை, கம்பி பிரஷ், கரண்டி எதுவும் வேண்டாம்; சேறு ஒட்டியிருந்தால் இருக்கட்டும், அதுதான் அதன் சட்டை.

அடுத்து இடத்தைப் பதியுங்கள். கைப்பேசி ஜிபிஎஸ் ஐந்து மீட்டர் வரை தவறலாம். அதனால் கரையிலுள்ள அசையாத இரண்டு அடையாளங்களிலிருந்து, மின்கம்பமோ பாலத் தூணோ, நாடா பிடித்துத் தூரம் எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். கோல் இல்லையென்றால் ஒரு செங்கல்லை வைத்து, பிறகு அந்தச் செங்கல்லை அளந்து எழுதலாம். முப்பரிமாண மாதிரி செய்ய ஆசை இருந்தால் ஒவ்வொரு படமும் முந்தைய படத்தில் முக்கால் பங்காவது வரும்படி சுற்றிச் சுற்றி எடுக்க வேண்டும். நிழல் விழும் உச்சி வெயிலைவிட மேகமூட்டம் நல்லது.

உடைந்து தனியாக வந்துவிட்ட துண்டுகளைப் பெரிய பிளாஸ்டிக் தொட்டியில், ஏரித் தண்ணீரில் மூழ்க வைத்து, ஒவ்வொன்றுக்கும் எண் கட்டுங்கள். எண்ணை பிளாஸ்டிக் தகட்டில் பென்சிலால் எழுதவும். பேனா மை போய்விடும். இரும்புக் கம்பியால் கட்டினால் துரு மரத்துக்குள் இறங்கும். நைலான் நூல் போதும்.

இன்னும் ஒன்று: வலைக்காரர்களிடம் கேளுங்கள். இந்த ஏரியில் ‘பாடு’ முறை இருக்கிறது, அதாவது மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்வது. எந்தப் பாட்டில் எந்த இடத்தில் வலை மாட்டும் என்பது அந்தக் குடும்பங்களுக்குத் தலைமுறையாகத் தெரியும். எந்தக் கருவியையும்விட அது மலிவு.

மரம் கெட்டியாகத்தானே இருக்கிறது, காயவைத்தால் என்ன?

கெட்டியாக இருப்பது தோற்றம். நூற்றாண்டுகளில் மரத்தின் செல்லுலோஸ் கரைந்துபோய் லிக்னின் என்ற பிணைப்புப் பொருளின் கூடு மட்டும் மிஞ்சியிருக்கும். காலியான இடத்தை நிரப்பி அந்தக் கூட்டைத் தாங்குவது தண்ணீர்தான். தண்ணீர் வெளியேறும்போது அதன் மேற்பரப்பு இழுவிசை கண்ணறைகளின் சுவரை உள்பக்கம் இழுத்து மடக்கிவிடும். மடங்கியது திரும்ப விரியாது. மோசமாக அரித்த மரம் குறுக்குவாட்டில் பாதிக்குமேல் சுருங்கிப் போகலாம்.

எவ்வளவு மோசம் என்று அறிய ஒரு குண்டூசி போதும். நல்ல மரத்தில் ஒன்றிரண்டு மில்லிமீட்டரில் நின்றுவிடும். அரித்த மரத்தில் வெண்ணெயில் இறங்குவது போல ஒரு சென்டிமீட்டர் இறங்கும். சரியான கணக்கு வேண்டுமானால், சிறு துண்டை ஈரத்தோடு எடை போட்டு, 105 டிகிரி அடுப்பில் எடை இனி மாறாது என்ற நிலை வரும்வரை உலர்த்தி மறுபடி எடை போடுங்கள். ஈர எடை 24 கிராம், உலர் எடை 4 கிராம் என்றால் தண்ணீர் 20 கிராம். அதாவது உலர் மரத்தைப்போல 500 சதவீதம். 400-க்கு மேல் போனால் மிக மோசம், 185 முதல் 400 நடுத்தரம், 185-க்குக் கீழ் பரவாயில்லை. வெளித்தோல் 500 இருக்கையில் நடுவயிரம் 100 இருக்கலாம். ஒரே பலகைக்கு இரண்டு வைத்தியம் தேவைப்படும் தலைவலி அங்கேதான் தொடங்குகிறது.

முழுசாகத் தூக்கி ஊரில் காட்சிக்கு வைக்கலாமே?

வைக்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. மிச்சிகன் ஏரியின் கிரீன் விரிகுடாவில் 1864-ல் மூழ்கிய ஆல்வின் கிளார்க் என்ற பாய்க்கப்பலை 1969-ல் தூக்கினார்கள். 1846-ல் கட்டியது, பாய்மரம்கூட நின்றது. தூக்கியவர்களிடம் ஆர்வம் இருந்தது. பதப்படுத்தும் திட்டமும் அதற்கான பணமும் இல்லை. மெனோமினீ ஊர்க் கரையில் வெயிலிலும் பனியிலும் நின்று உளுத்துக்கொண்டே போய், 1994-ல் இடித்துத் தள்ளினார்கள். ஏரிக்குள் 105 வருடம் தாங்கிய கப்பல் கரையில் 25 வருடம்தான் தாங்கியது.

இத்தாலியின் நேமி ஏரியில் ரோமப் பேரரசன் கலிகுலாவின் இரண்டு பெருங்கலங்களை ஏரித் தண்ணீரையே இறைத்து 1929 முதல் 1932 வரை வெளியே எடுத்தார்கள். இரண்டும் 70 மீட்டர் அளவு நீளம். அவற்றுக்கென்றே கட்டிய அருங்காட்சியகத்துக்குள்ளேயே 1944-ல் போர்க்காலத் தீயில் இரண்டும் ஒரே இரவில் சாம்பல்.

நல்லபடியாக முடிந்ததும் உண்டு. கலிலேயா ஏரியில் 1986 வறட்சியில் வெளிப்பட்ட, 8.27 மீட்டர் நீளமுள்ள 2,000 ஆண்டுப் படகை பாலியூரித்தேன் நுரையால் பொதிந்து, அப்படியே மிதக்கவிட்டுக் கரைசேர்த்தார்கள். ஆனால் மக்கள் பார்வைக்கு வர அதற்குப் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று.

தூக்குவதிலும் கணக்கு இருக்கிறது. ஆறு மீட்டர் தோணியில் மரம் 0.3 கனமீட்டர் என்று வைத்தால், நீர் ஊறிய மரம் 350 கிலோ. உள்ளே நிறைந்த சேறு ஒரு கனமீட்டர் இருந்தால் அதுவே 1,700 கிலோ. மொத்தம் இரண்டு டன்னுக்கு மேல். கிரேன் சங்கிலியை அணியத்திலும் (முன்முனை) கடையாலிலும் (பின்முனை) மாட்டித் தூக்கினால் தோணி நடுவில் ஒடியும். ஒடிந்த பிறகு கப்பல் கவிழ்ந்த மாதிரி கன்னத்தில் கைவைத்து உட்கார வேண்டியதுதான். தூக்கியே ஆக வேண்டுமானால் உள்சேற்றைக் கையால் பாதி எடுத்து, அடியில் ஒரு மீட்டருக்கு ஒன்றாக 15 சென்டிமீட்டர் அகல நாடாப் பட்டைகளை நுழைத்து, பட்டை முனைகளை இருபுறமும் நீண்ட இரும்புக் குழாயில் கட்டி, அந்தச் சட்டத்தைத்தான் தூக்க வேண்டும். படகைத் தொட்டு இழுக்கவே கூடாது.

பெக் என்ற மெழுகில் ஊறவைத்தால் சரியாகிவிடும் என்கிறார்களே, எவ்வளவு வேண்டும்?

பாலிஎத்திலீன் கிளைக்கால் என்பதன் சுருக்கம் பெக். தண்ணீரில் கரையும் மெழுகு மாதிரி. மரத்துக்குள் தண்ணீர் இருந்த இடத்தில் மெதுவாகப் போய் உட்கார்ந்து கூட்டைத் தாங்கும். சுவீடனின் வாசா கப்பலுக்கு 1962 தொடங்கி 17 வருடம் தெளித்தார்கள்.

மேலே சொன்ன ஆறு மீட்டர் தோணிக்கே கணக்குப் போடுவோம். தொட்டி 7 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 0.7 மீட்டர் ஆழம். கொள்ளளவு 4,900 லிட்டர். 30 சதவீதக் கரைசலுக்கு ஏறக்குறைய ஒன்றரை டன் பெக். ஒரே நாளில் கொட்டிவிட முடியாது. 5 சதவீதத்தில் தொடங்கி, சில மாதத்துக்கு ஒருமுறை 5 சதவீதம் ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் மெழுகு உள்ளே போவதற்குமுன் உள்ளிருக்கும் தண்ணீர் வெளியே வந்து, தொட்டிக்குள்ளேயே மரம் சுருங்கும். சிறிய மூலக்கூறு அதிகம் அரிக்காத நடுவயிரத்துக்கு, பெரிய மூலக்கூறு அரித்த வெளித்தோலுக்கு. ஆகவே பெரும்பாலும் இரண்டு கட்டம்.

சர்க்கரைக் கரைசலில் ஊறவைக்கும் மலிவான முறையும் இருக்கிறது. நம் ஊர் எறும்பையும் நொதிப்பையும் நினைத்துவிட்டு முடிவெடுங்கள்.

ஆணிகளால் என்ன கெடுதல்?

காற்றில்லாச் சேற்றில் ஒருவகை பாக்டீரியா சல்பேட்டைத் தின்று, அழுகிய முட்டை வாடை அடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடை விடுகிறது. ஆணித்துருவின் இரும்போடு அது சேர்ந்து மரத்துக்குள் இரும்பு சல்பைடாகத் தங்கும். சேற்றுக்குள் இருக்கும்வரை தொந்தரவில்லை. காற்று பட்டதும் கந்தக அமிலமாகிவிடும். வாசாவில் 2000-ஆம் ஆண்டு ஈரப்பதம் மிகுந்த கோடைக்குப் பிறகு மரத்தில் வெள்ளை, மஞ்சள் உப்புப் பூக்கள் பூத்தபோதுதான் இதன் தீவிரம் புரிந்தது. கறுப்பாக, முட்டை நாற்றத்தோடு வரும் பலகை எல்லாம் இந்த நோயின் விதையைச் சுமந்தே வருகிறது. கடல்நீரில் சல்பேட் அதிகம் என்பதால் நன்னீர்ப் பேரேரிகளைவிட உப்பேரியில் இது மோசம். ஆணியைப் பிடுங்கி எறிவதும் தீர்வல்ல. சுற்றியுள்ள மரமும் கூடவே வரும்.

அப்படியானால் மறுபடி புதைத்துவிடுவதா? எப்படி?

ஆமாம், முறையாகப் புதைப்பதுதான் இங்கே சிறந்த வைத்தியம். நீரடித் தொல்பொருளுக்கான 2001-ஆம் ஆண்டு யுனெஸ்கோ உடன்படிக்கையும், இருந்த இடத்திலேயே பாதுகாப்பதை முதல் தெரிவாகக் கருதச் சொல்கிறது.

அளவும் படமும் முடிந்ததும், உட்குழிவுகளில் அதே சேற்றைக் கையால் அடையுங்கள். மேலே ஜியோ-டெக்ஸ்டைல் என்ற, மண்ணில் மட்காத செயற்கை இழைத் துணி. அடுத்தமுறை தோண்டுபவருக்கு ‘இதோடு நில்’ என்று சொல்லும் எல்லையும் அதுவே. அதன்மேல் குறைந்தது அரை மீட்டர் நைசு மணல், அதற்கும் மேல் மணல் மூட்டைகள். சணல் சாக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் சில மாதங்களில் மட்கிவிடும், எனவே வெயில் தாங்கும் பாலிப்ரொப்பிலீன் பைகள். மூட்டைகளைக் குவியலாக உயர்த்தினால் ஓட்டம் மோதி ஓரத்தில் பள்ளம் பறிக்கும். சரிவாக, மெத்தை போலப் பரப்புங்கள்.

வேலை நடக்கிறதா என்று பார்க்க, மாமரக் கட்டைத் துண்டுகளை நைலான் கயிற்றில் கட்டி, சில மணலுக்குள், சில வெளியே வையுங்கள். மூன்று, ஆறு, பன்னிரண்டு மாதங்களில் ஒவ்வொன்றாக எடுத்து நீளவாட்டில் பிளந்து பாருங்கள். வெளியே வைத்ததில் புழு, உள்ளே வைத்ததில் ஒன்றுமில்லை என்றால் மூடல் சரி. இரண்டிலும் புழு இருந்தால் மணல் போதவில்லை.

வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரத்தில் ஆளி (சிப்பி) பிடித்திருந்தால் சுரண்டாதீர்கள். பேரேரிகளில் 1980-களின் இறுதியிலிருந்து பரவிய வரிக்குதிரை மட்டியும் குவாகா மட்டியும் கப்பல்களை மூடி மறைத்துவிட்டன. அவற்றைப் பெயர்த்தபோது மரத்தோலும் சேர்ந்து பெயர்ந்தது.

கருவி வைத்துத் தேடினால் கிடைக்காதா?

ஒலியை அனுப்பி அடித்தரையை இருபக்கமும் படம்பிடிக்கும் சைட்-ஸ்கேன் சோனார் பேரேரிகளில் வேலை செய்யும், இங்கே தடுமாறும். கருவி தரையிலிருந்து நிற்கும் உயரத்தைப்போலப் பத்து மடங்கு தூரம்வரைதான் பக்கவாட்டில் உருப்படியாகக் காட்டும். ஒன்றரை மீட்டர்த் தண்ணீரில் 70 சென்டிமீட்டர் உயரத்தில் இழுத்தால் பக்கத்துக்கு ஏழு மீட்டர். அதுவும் மேற்பரப்பு அலை எதிரொலித்துக் கோடுகளாக வரும். சேற்றுக்குள் இருப்பதை அது காட்டவே காட்டாது.

காந்தமானி இரும்பைத்தான் தேடும். தோராயக் கணக்கில் 100 கிலோ இரும்பு 5 மீட்டர் தூரத்தில் 8 நானோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) காட்டும்; 10 மீட்டரில் ஒன்றே ஒன்றுதான். தூரத்தின் மும்மடிப்படி குறைகிறது. ஆகவே நான்கைந்து மீட்டர் இடைவெளியில் கோடு போட்டு ஓட வேண்டும், அதுவும் இஞ்சின் இல்லாத மரப்படகில் துடுப்பு வலித்து. தைத்த படகு இதில் சிக்காது.

கிடைத்த மரத்தை விறகுக்கோ வியாபாரத்துக்கோ எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. 1878-ஆம் ஆண்டு புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்து 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதைக் கண்டாலும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்: என்ன பொருள், தோராய மதிப்பு, கண்ட இடம், கண்ட தேதி. மறைத்தால் ஓராண்டு வரை சிறை. நூறு ஆண்டு கடந்த பொருளுக்கு 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டமும் சேரும். தடா, சூளூர்பேட்டைப் பக்கமானால் திருப்பதி மாவட்டம். பழவேற்காடு பக்கமானால் திருவள்ளூர். எல்லை ஏரிக்கு நடுவில் ஓடுவதால் குழப்பமிருந்தால் இரண்டு பக்கத்துக்கும் எழுதுங்கள், தெலுங்கில் ஒன்று, தமிழில் ஒன்று. இரு மாநிலத்திலும் ஏரி பறவைகள் சரணாலயம் என்பதால் வனத்துறை அனுமதியில்லாமல் யாரும், ஆய்வாளரே ஆனாலும், தோண்ட முடியாது.

தேக்கடி ஏரியில் பழைய கப்பல் இருக்கிறதா?

இல்லை. முல்லைப் பெரியாறு அணை 1895-ல் வந்த பிறகே அங்கே ஏரி. அடியில் நிற்பவை மூழ்கிய காட்டு மரங்கள். சோனாரில் பாய்மரம் மாதிரி தெரியும்.

தாத்தா காலத்தில் எடுத்த பலகை வீட்டில் காய்ந்து கிடக்கிறது. இப்போது தண்ணீரில் போடலாமா?

போடாதீர்கள். காய்ந்து மடங்கிய மரம் ஊறினாலும் பழைய உருவுக்கு வராது, வெடிப்புதான் கூடும். வார்னிஷ், எண்ணெய், சாயம் எதுவும் பூச வேண்டாம். பூசினால் கார்பன் சோதனைக்கும் இனம் காண்பதற்கும் அது பயன்படாமல் போகும். தரையில் படாமல், கரையான் ஏறாமல், வெயில் அடிக்காத அறையில் இரண்டு கட்டைமேல் கிடத்துங்கள். ஏரியில் எந்த இடத்தில், எந்த வருடத்தில், யார் எடுத்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு ஒரு அட்டையில் எழுதி அதோடு கட்டுங்கள். அந்த இடத்தில் மீதிப் படகு இன்னும் சேற்றுக்குள் இருக்கலாம்.